ரகசிய உளவு அதிகாரியின் பெயரைப் பத்திரிகையில் போட்டால் யாருக்கு என்ன ஆகும்?

முத்தியால்பேட்டை

வணக்கம். புதுச்சேரியிலிருந்து வரும் சிறிய வார இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருக்கிறேன். இணையப் பதிப்பும் உண்டு. அடுத்த இதழுக்கு, உளவு அமைப்புகளில் அடையாளம் மறைத்து வேலை செய்கிறவர்களைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை தயாராகிறது. இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் வலேரி பிளேம் என்ற அமெரிக்க உளவு அதிகாரியின் பெயர் 2003இல் பத்திரிகையில் வந்த விவகாரத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வழக்கில் தண்டனை பெற்றவர் பெயரை வெளியிட்டதற்காகத் தண்டிக்கப்படவில்லையாமே? அப்படியென்றால் உளவு அதிகாரியின் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்கும் அமெரிக்கச் சட்டம் எதற்கு? பெயர் வெளியானால் அடி விழுவது யாருக்கு? நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா?

கூடவே ஒரு நடைமுறைச் சந்தேகம். கடலூர்ப் பக்கம் நடக்கும் ஒரு வழக்கின் மனு நகல் பி.டி.எஃப்.பாக எங்களிடம் வந்திருக்கிறது. மத்திய உளவு அமைப்பைச் சேர்ந்தவர் என்று சொல்லி ஒருவரின் பெயர், கைபேசி எண், வண்டி எண் எல்லாம் அதில் இருக்கின்றன. கோர்ட்டில் தாக்கல் ஆனதுதானே, அப்படியே இணைத்துவிடலாம் என்று அலுவலகத்தில் ஒரு தரப்பு சொல்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம்

முதலில் அமெரிக்கச் சட்டம். 1982 ஜூனில் ரீகன் கையெழுத்திட்ட உளவு அடையாளப் பாதுகாப்புச் சட்டம் அது. குற்றவாளிகளை மூன்று தட்டாகப் பிரிக்கிறது. ரகசியக் கோப்பைப் பார்க்கும் உரிமை இருந்து, அதிலிருந்தே பெயரை அறிந்து வெளியே சொன்னவருக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. வேறு ரகசிய ஆவணங்களைப் பார்க்கப்போய், அதன் வழியாகப் பெயரை ஊகித்துச் சொன்னவருக்கு 5 ஆண்டு. கோப்பையே பார்க்காத வெளியாள், அதிகாரிகளைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்துவதையே தொடர்ச்சியான வேலையாகச் செய்தால் 3 ஆண்டு. முதல் இரண்டையும் 2010இல் 15, 10 ஆண்டுகளாக உயர்த்தினார்கள். மூன்றாவது அப்படியே இருக்கிறது.

பத்திரிகைக்காரர்களைத் தொடுவது இந்த மூன்றாவது தட்டுதான். அதிலும் ஒருமுறை ஒரு பெயரைப் போட்டால் போதாது. ‘தொடர்ச்சியான செயல்’ என்பதையும், அமெரிக்க உளவுப் பணிக்குக் கேடு வரும் என்று நம்பக் காரணம் இருந்தும் செய்ததையும் அரசு நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வை விட்டு வெளியேறிய பிலிப் ஏஜியும், அவரைச் சுற்றி வந்த இதழ்களும் எழுபதுகளில் பெயர்ப் பட்டியல்களாகவே வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தத்தான் இப்படி வார்த்தை வார்த்தையாக அளந்து எழுதினார்கள்.

பிளேம் விஷயத்தில் சட்டம் ஏன் பாயவில்லை? 2003 ஜூலை 6 அன்று அவருடைய கணவர் ஜோசப் வில்சன், ஈராக் போருக்கு அமெரிக்க அரசு சொன்ன காரணத்தை மறுத்துப் பத்திரிகையில் எழுதினார். ஜூலை 14 அன்று பத்திரிகையாளர் ராபர்ட் நோவாக்கின் பத்தியில், வில்சனின் மனைவி சி.ஐ.ஏ. ஆள் என்று பெயரோடு வந்தது. நோவாக்கிடம் முதலில் சொன்னவர் வெளியுறவுத் துறைத் துணை அமைச்சர் ரிச்சர்ட் ஆர்மிடேஜ். அவர் மீது வழக்கே இல்லை. காரணம் எளிது. அந்தப் பெண் மறைவில் இருக்கிறார், அந்த மறைவைக் காக்க அரசு முயற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது என்ற இரண்டும் சொன்னவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; தெரிந்தே, வேண்டுமென்றே சொல்லியிருக்க வேண்டும். இதில் ஒன்று சறுக்கினாலும் வழக்கு நிற்காது. துணை அதிபரின் தலைமை அதிகாரியாக இருந்த லூயிஸ் லிப்பி 2007 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானது விசாரணையில் பொய் சொன்னதற்கும் விசாரணையைத் தடுத்ததற்கும்தான். 30 மாதச் சிறை, 2,50,000 டாலர் அபராதம். சிறைத் தண்டனையை புஷ் ரத்து செய்தார். 2018இல் டிரம்ப் முழு மன்னிப்பே கொடுத்துவிட்டார். கடைசியில் கம்பி எண்ணியது, இது பற்றி ஒரு வரிகூட எழுதாத நிருபர் ஜூடித் மில்லர். தகவல் தந்தவர் யார் என்று சொல்ல மறுத்ததற்காக 85 நாள்.

சட்டம் கடித்த இடங்களும் உண்டு. முதல் தண்டனை 1985இல், கானா நாட்டு சி.ஐ.ஏ. அலுவலகத்தில் வேலை பார்த்த ஷாரன் ஸ்க்ரானேஜுக்கு. அடுத்து 2012இல் ஜான் கிரியாகூ. ஓர் அதிகாரியின் பெயரை மின்னஞ்சலில் ஒரு நிருபருக்குச் சொன்னார். அந்த நிருபர் அதை எங்கும் அச்சிடவில்லை. ஆனாலும் 30 மாதம். சொன்ன மாத்திரத்திலேயே குற்றம் முடிந்துவிட்டது. உங்கள் கட்டுரையில் இதை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு அடி என்று கேட்டீர்கள். இதில்தான் பெரும்பாலான கட்டுரைகள் தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தூதரகத்தில் இரண்டாம் செயலர் என்ற பதவியில் இருக்கும் உளவு அதிகாரி மாட்டினால், 1961 வியன்னா உடன்படிக்கையின் 29ஆம் பிரிவுப்படி அவரைக் கைது செய்ய முடியாது. 9ஆம் பிரிவுப்படி ‘ஏற்கத்தகாதவர்’ என்று அறிவித்து விமானம் ஏற்றிவிடுவார்கள். வெளிநாட்டு வாழ்க்கை அத்தோடு முடிந்தது, தலைமையகத்தில் மேசை வேலை. வருத்தம்தான், ஆனால் உயிர் இருக்கிறது. வியாபாரி, ஆலோசகர் என்று தனியாள் வேடத்தில் இருப்பவருக்கு அந்தக் கவசம் கிடையாது; அவருக்குச் சிறைதான்.

இவர்கள் இருவரையும்விட மோசமான நிலை, இவர்களைச் சந்தித்த உள்ளூர்க்காரனுக்கு. பெயர் வந்த மறுநாளே அந்த நாட்டு எதிர் உளவுப் பிரிவு பழைய ஏடுகளை எடுத்துக்கொண்டு உட்காரும். விசா விண்ணப்பம், விமான நிலையப் பதிவு, தங்கிய விடுதி, தொலைபேசித் தொடர்பு என்று ஆண்டுக்கணக்கில் பின்னோக்கிப் போவார்கள். நம் ஊர் ஒயிட் டவுனில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டியிருக்கிறதே, அந்த மாதிரிப் பதிவு ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பெயர் தெரியாதவரை அது வெறும் குப்பை. தெரிந்துவிட்டால், அந்த ஆள் எந்த ஊரில் எந்த ராத்திரி தங்கினார், அதே ராத்திரி அங்கே வேறு யார் இருந்தார்கள் என்று கோடு போட்டு இணைத்துவிடலாம்.

ஸ்க்ரானேஜ் சொன்ன பெயர்களால் கானாவில் சிறைக்குப் போனவர்கள், சி.ஐ.ஏ.வுக்குத் தகவல் தந்த கானா நாட்டுக்காரர்கள். பிறகு கைதிப் பரிமாற்றத்தில்தான் அவர்களை மீட்டார்கள். சொந்த ஊர், சொந்தக் குடியுரிமை இரண்டும் போயிற்று. சி.ஐ.ஏ.வுக்குள்ளேயே இருந்து பெயர்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸால் சோவியத்தில் குறைந்தது 10 பேர் கொல்லப்பட்டார்கள். அவர் காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர் ஜெனரல் பொல்யகோவ். எழுபதுகளில் டெல்லியில் சோவியத் ராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர். 1988இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பிளேம் கதையிலும் இது உண்டு. 1999இல் பிளேம், அல் கோர் தேர்தல் நிதிக்கு 1,000 டாலர் கொடுத்தபோது, வேலை செய்யும் இடம் என்று ‘ப்ரூஸ்டர் ஜென்னிங்ஸ்’ என்ற நிறுவனத்தின் பெயரைக் கொடுத்திருந்தார். தேர்தல் ஆணையப் பதிவு பொது ஆவணம். 2003 அக்டோபரில் அந்தப் பெயரும் வெளியே வந்தது. அது சி.ஐ.ஏ.வின் போலி நிறுவனம். அந்தப் பெயரில் விசிட்டிங் கார்டு வைத்திருந்த அத்தனை பேரின் மறைவும் ஒரே நாளில் கிழிந்தது.

உப்பனாறு

தேவனாம்பட்டினம் சார் சொன்னதில் பெரும்பகுதி சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பெயரைப் போட்டதாலேயே செத்தார் என்று எல்லோரும் காட்டும் உதாரணம் ரிச்சர்ட் வெல்ச். ஏதென்ஸில் சி.ஐ.ஏ. நிலையத் தலைவர். 1975 டிசம்பர் 23 இரவு, கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து வீடு திரும்பியபோது வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன் அமெரிக்க இதழ் ஒன்றிலும், நவம்பரில் ஏதென்ஸ் நாளிதழ் ஒன்றிலும் அவர் பெயர் வந்திருந்தது உண்மை. ஆனால் அவர் குடியிருந்த வீடு, முன்பிருந்த நிலையத் தலைவர்களும் குடியிருந்த வீடு. ஊரில் பலருக்குத் தெரிந்த முகவரி. ஆகவே ‘பத்திரிகை கொன்றது’ என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். பெயர், பதவி, வீடு மூன்றும் ஒன்றோடொன்று சேரும்போதுதான் ஆபத்து முழுமையாகிறது. இந்த மூன்றில் இரண்டு ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்திருக்கலாம். மூன்றாவதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் நாமாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, எல்லா அம்பலமும் தவறல்ல. 2003 பிப்ரவரி 17 அன்று மிலான் நகரத் தெருவில் அபு உமர் என்ற இமாமை சி.ஐ.ஏ. ஆட்கள் கடத்தி எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். இத்தாலிய போலீஸ் அந்த நேரத்தில் அந்தத் தெரு டவரில் பதிவான கைபேசிகளை எடுத்து, ஒன்றோடொன்று மட்டுமே பேசிக்கொண்ட எண்களைப் பிரித்தெடுத்தார்கள். அந்த எண்கள் ராத்திரியில் எந்த ஹோட்டல் பக்கம் இருந்தன என்று பார்த்து, ஹோட்டல் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்தார்கள். 2009 நவம்பரில் 23 அமெரிக்கர்களுக்கு அவர்கள் இல்லாமலேயே தண்டனை. இங்கே பெயர் வெளிவந்தது குற்ற விசாரணையால், நீதிமன்ற உத்தரவோடு. இதையும் பெயர்ப் பட்டியல் விற்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதிகாரி சட்டத்தை மீறினார் என்பது செய்தி என்றால் பெயருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அவர் அதிகாரி என்பது மட்டுமே செய்தி என்றால் எந்த நியாயமும் இல்லை.

அரசே தவறிப் போடுவதும் உண்டு. 2014 மே மாதம் ஒபாமா ஆப்கானிஸ்தான் போனபோது, சந்தித்தவர்கள் பட்டியலில் காபூல் சி.ஐ.ஏ. தலைவரின் பெயரைப் பதவியோடு சேர்த்து வெள்ளை மாளிகையே 6,000க்கும் மேற்பட்ட பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பிவிட்டது. திருத்திய பட்டியல் பிறகு வந்தது. பெரிய பத்திரிகைகள் பலவும் பெயரை விட்டுவிட்டே செய்தி போட்டன.

கெடிலக்கரை

நான் இந்தியச் சட்டத்துக்கு மட்டும் வருகிறேன்.

தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவின் 1982 சட்டம் போல ‘மறைவில் இருக்கும் அதிகாரி’ என்று வரையறுத்து, அவர் பெயரைச் சொல்வதே குற்றம் என்று வைக்கும் பிரிவு நம்மிடம் கிடையாது. இருப்பவை சுற்றுவேலிகள்.

1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம்: 5ஆம் பிரிவில், பதவியால் கிடைத்த ரகசியத் தகவலை உரிமையில்லாதவரிடம் சொல்வது குற்றம். விதி மீறி வந்தது என்று தெரிந்தே அதை வாங்குகிறவரும் குற்றவாளிதான். பத்திரிகையை உரசுவது இந்த இரண்டாவது பாதி. 3 ஆண்டு வரை தண்டனை. எதிரிக்குப் பயன்படும் நோக்கம் என்றால் 3ஆம் பிரிவு; பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்டால் 14 ஆண்டு வரை போகும். 13ஆம் பிரிவுப்படி அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியும்.

1985ஆம் ஆண்டு உளவு அமைப்புகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம்: இது உள்ளே இருப்பவர்களைக் கட்டுகிறது. அமைப்பின் கட்டமைப்பு, ஆட்கள் பற்றி வேலைக்கு வெளியே யாரிடமும் பேசக் கூடாது. ஓய்வு பெற்றவர்களுக்கு 2021 மே 31 அன்று பென்ஷன் விதியின் 8ஆம் பிரிவைத் திருத்தினார்கள். ஐ.பி. (உள்நாட்டு உளவு), ரா (வெளிநாட்டு உளவு) போன்ற அமைப்புகளிலிருந்து ஓய்வு பெற்றவர், அங்கே வேலை பார்த்த யாருடைய பெயரையும் பதவியையும் குறிப்பிட்டு எழுதக்கூட முன் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் பென்ஷனில் கை வைக்கலாம். ஓய்வு பெற்ற ஒருவர் உங்களுக்குக் கட்டுரையோ பேட்டியோ கொடுத்தால் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நஷ்டம் அவருக்குத்தான் முதலில் வரும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஐ.பி.யும் ராவும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. 24ஆம் பிரிவுப்படி விலக்கு. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அப்போதும் 8(1)(ஜி) குறுக்கே நிற்கும். ஒருவர் உயிருக்கு ஆபத்து வரும் தகவலையோ, ரகசியமாகத் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கும் தகவலையோ மறுக்கலாம். நீதிமன்றத்திலும், குற்றம் பற்றிய தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸ்காரரை வற்புறுத்த முடியாது; பழைய சாட்சியச் சட்டத்தின் 125, இப்போது 2023 சட்டத்தில் 131.

உங்கள் மனுவுக்கு வருவோம். முதலில் அது உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்கா, என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) வழக்கா என்று பாருங்கள். உபா 44, என்.ஐ.ஏ. சட்டம் 17 ஆகிய பிரிவுகளின்படி சாட்சியின் பெயர், முகவரியை மறைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். உத்தரவு இருந்து நீங்கள் போட்டால் அதற்கே 3 ஆண்டு வரை சிறை. அந்த வழக்கில் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளை ஒருமுறை புரட்டிப் பார்க்க உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

உத்தரவு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மனுவில் இருப்பது ஒரு தரப்பின் குற்றச்சாட்டு. அந்த ஆள் உளவு அமைப்பே இல்லை, வேறு துறைக் குமாஸ்தா என்றால்? நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி எழுதினால் அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு. விசாரணைக்கே வராத மனுவிலிருந்து ஒருவரை ‘உளவாளி’ என்று எடுத்துப் போட்டால் அந்த விலக்கை நம்பி இருக்க முடியாது. அதைவிட, தவறாக அடையாளம் காட்டப்பட்டவருக்குப் பாதுகாப்பு கொடுக்க எந்த அமைப்பும் வராது. ஊர்க்காரர்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது தனியாகத்தான் நிற்பார்.

இன்னொன்று. ஆர்ப்பாட்டத்தில் மப்டியில் குறிப்பெடுக்கும் ஸ்பெஷல் பிராஞ்ச் காவலரை எல்லோருக்கும் தெரியும், டீ வாங்கிக் கொடுப்பவர்கள்கூட உண்டு. அதனால் எழுதலாம் என்று வாதம் வரும். மஞ்சக்குப்பத்தில் 200 பேருக்குத் தெரிந்திருப்பது வேறு, உலகம் தேடி எடுக்கும்படி இணையத்தில் பெயரோடு கிடப்பது வேறு.

குல்பூஷண் ஜாதவ் வழக்கையும் கட்டுரையில் தொடுங்கள். 2016 மார்ச்சில் பிடித்ததாக பாகிஸ்தான் அறிவித்தது. உளவாளி என்பது அவர்கள் தரப்பு. ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி, வியாபாரம் செய்தவர், ஈரானிலிருந்து கடத்தப்பட்டார் என்பது இந்தியா தரப்பு. 2019இல் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில், இந்தியப் பத்திரிகையாளர்கள் எழுதிய கட்டுரைகளையே பாகிஸ்தான் வக்கீல் தன் வாதத்துக்கு எடுத்துக் காட்டினார். அந்த ஆண்டு ஜூலை 17 தீர்ப்பு, தூதரகத் தொடர்பை மறுத்தது தவறு என்று இந்தியாவுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் இங்கே எழுதிய வரி, மரண தண்டனைக் கைதி ஒருவருக்கு எதிராக அங்கே போய் நின்றதல்லவா? நாம் எழுதும்போது அதை யோசிக்க வேண்டும்.

சுண்ணாம்பாறு

சட்டம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மறைக்கிற வேலையில் என்ன தவறு நடக்கும் என்று நான் சொல்கிறேன். பெரிய இடத்திலேயே நடந்திருக்கிறது. 2014 ஜனவரியில், அமெரிக்க மின்னணு உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விலிருந்து ஸ்னோடன் கசியவிட்ட ஆவணம் ஒன்றை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸின் பி.டி.எஃப்.பில் கறுப்புக் கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருந்தது. தேர்வு செய்து நகலெடுத்தால் என்.எஸ்.ஏ. ஊழியர் ஒருவரின் பெயர் வந்துவிட்டது.

கறுப்புக் கட்டம் வெறும் மூடிதான், அழிப்பு அல்ல. வேர்டில் ஹைலைட்டைக் கறுப்பாக்குவதும் அப்படித்தான். செய்ய வேண்டியது இது: கட்டம் போட்டபின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக ஏற்றுமதி செய்யுங்கள், 200 டி.பி.ஐ. போதும். அந்தப் படங்களை மட்டும் சேர்த்துப் புதிய பி.டி.எஃப். உருவாக்குங்கள். அதில் ஓ.சி.ஆர். (படத்தில் உள்ள எழுத்தை நகலெடுக்கக்கூடிய எழுத்தாக்கும் வசதி) ஓட்டாதீர்கள். ஸ்கேன் செய்து வந்த பழைய கோப்பில் படத்துக்குப் பின்னால் ஓ.சி.ஆர். எழுத்து ஒளிந்திருக்கும், கட்டம் படத்தைத்தான் மூடும், அந்த எழுத்தை மூடாது. சோதனைக்கு, எல்லாவற்றையும் தேர்வு செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒரு எழுத்தும் வரக் கூடாது.

கட்டத்தைப் பெயரின் நீளத்துக்கே போடாதீர்கள். ஏழெட்டு எழுத்துப் பெயர், முன்னால் இன்ன பதவி என்று தெரிந்தால் ஊகிக்க அதிக நேரம் ஆகாது. வரி முழுக்க மூடுங்கள். ஒரே பெயர் 3ஆம் பக்கத்தில் மூடியிருக்கும், 11ஆம் பக்க இணைப்பில் ‘எதிர்மனுதாரர் 4’ என்று முகவரியோடு திறந்து கிடக்கும். இதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. இனிஷியலை மட்டும் விட்டு வைப்பதும் வேண்டாம். ஊர், பதவி இரண்டும் இருந்தால் இனிஷியலே போதும். கோப்பின் பெயரையும், பிராப்பர்ட்டீஸில் இருக்கும் தலைப்பையும் பாருங்கள். பல நேரம் பெயர் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

படம் போடுகிறீர்கள் என்றால், வாட்ஸப்பில் படமாக வந்தால் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக வந்தால் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எடுத்தது என்பது அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். முகத்தை மங்கலாக்கிவிட்டு வண்டி எண்ணையும் வீட்டு கேட்டையும் விட்டுவிடாதீர்கள்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் இன்னும் ஒன்று. திருத்திய கோப்பை ஏற்றி இணைப்பை மாற்றினாலும், முதலில் ஏற்றிய கோப்பு மீடியா லைப்ரரியிலேயே இருக்கும். பழைய முகவரியைத் தட்டினால் திறக்கும். அதை அழித்து, கேஷையும் (தளம் சேமித்து வைத்திருக்கும் நகல்) காலி செய்து, வேறு போனில் பழைய முகவரியைத் திறந்து பாருங்கள். அசல் மனுவைத் தளத்தில் ஏற்றாமல் இருப்பதே சுலபம்.

முத்தியால்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. மனுவை இணைக்கப் போவதில்லை. வழக்கின் சாரத்தை மட்டும் எழுதுகிறோம், உத்தரவு இருக்கிறதா என்று வக்கீல் நாளை பார்க்கிறார். ஒரு கேள்வி பாக்கி. ‘மாவட்டத்தில் பணியாற்றும் மத்திய அமைப்பு அதிகாரி ஒருவர்’ என்று எழுதினால் போதுமா? அதிலும் ஆள் தெரிந்துவிடுமா?

கெடிலக்கரை

அந்த மாவட்டத்தில் அந்த அமைப்புக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசியுங்கள். இரண்டு மூன்று பேர்தான் என்றால் பெயரைப் போட்டதற்குச் சமம். மாவட்டத்தை எடுத்துவிட்டு ‘மத்திய அரசு அதிகாரி என்று மனுதாரர் குறிப்பிடும் ஒருவர்’ என்று எழுதுங்கள். ‘மனுதாரர் குறிப்பிடும்’ என்பதை வெட்டிவிடாமல் பக்கம் வடிவமைக்கிறவரிடமும் சொல்லி வையுங்கள். இடம் போதவில்லை என்றால் முதலில் போவது அந்த இரண்டு சொல்தான்.

சுண்ணாம்பாறு

தேதியையும் பாருங்கள். ‘மார்ச் 4ஆம் தேதி காலை வீட்டுக்கு வந்தவர்’ என்று இருந்தால், அந்தத் தெருக்காரர்களுக்கும் அன்று வந்த வண்டியைப் பார்த்தவர்களுக்கும் ஆள் தெரிந்துவிடும். ‘மார்ச் மாதம்’ என்று நிறுத்துங்கள். தெருப் பெயரும் வேண்டாம். இணையப் பதிப்பின் கீழே வரும் கருத்துகளை வெளியிடும் முன் ஒருவர் படிக்கும்படி வையுங்கள். நீங்கள் மறைத்ததை முதல் கருத்திலேயே யாராவது பெயரோடு எழுதுவார்கள்.